உங்கள் டீக்காசு

என்னங்க, எத்தனை தடவை கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் ஒரு சத்தம் கொடுக்காத என் வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல சேதி. முடிந்தது. நீங்கள் வைத்த மொய் விருந்தில் வாங்கிய கடைசி மொய்யையும் போன ஞாயிற்றுக்கிழமை திருப்பிச் செய்துவிட்டேன். இனி இந்த ஜில்லாவில் எவரும் உங்கள் பேரைச் சொல்லி, "அவன் நமக்கு இம்புட்டுத் தரணுமே" என்று விரல் மடக்க முடியாது.

"அதான் முடிஞ்சிருச்சுல்ல, வாரேன்" என்று எழுந்து கிளம்பிவிடாதீர்கள். இருந்தவரை ஒரு கணக்கையாவது நீங்கள் முழுசாகக் கேட்டதுண்டா? நான் வாயைத் திறந்தாலே, "ஏய் கணக்குப்பிள்ளை, நீ ரூவா ரூவாயா ஒப்பிச்சியன்னா எனக்குத் தூக்கம்ல வருது" என்று பாயை விரித்துவிடுவீர்கள். இப்போது எங்கே ஓடுவீர்கள்? உட்கார்ந்து கேளுங்கள்.

நம் நந்தினி நர்சிங் சேர்ந்துவிட்டாள். புதுக்கோட்டையில்தான் காலேஜ். அவளோடு படிக்கிற பொன்னமராவதிப் பிள்ளை ஒன்று ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்திருந்தது. ஆடி மாசம். வீட்டில் நாலைந்து விருந்துப் பத்திரிகைகள் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன விசேஷங்க ஆன்ட்டி, கல்யாணமா, காதுகுத்தா?" என்று கேட்டது.

"ரெண்டும் இல்லம்மா. சும்மா விருந்து."

"சும்மா விருந்துக்கு எதுக்கு ஆன்ட்டி மொய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொய்க்காகத்தான் விருந்தே என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆலங்குடிப் பக்கம் அப்படித்தான் என்று உட்கார வைத்துச் சொன்னேன். பணமுடை வந்தால் நாலு பேர் சேர்ந்து ஆடியிலோ ஆவணியிலோ பந்தல் போட்டு, கிடா வெட்டிக் கறிச்சோறு போடுவோம். வருகிறவர்கள் அவரவர் சக்திக்கு மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனால் அவர்கள் விருந்து வைக்கிறபோது நாம் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கியதற்கு மேலே கொஞ்சம் கூட்டிச் செய்தால் அதற்குப் பேர் புது நடை. நாளைக்கு அவர்கள் அதை நமக்குத் திருப்ப வேண்டும். இப்படியே உறவும் ஓடும், கடனும் ஓடும்.

"செம்ம ஐடியா ஆன்ட்டி" என்றது அந்தப் பிள்ளை. செம்ம ஐடியாதான், வந்த காசைச் சம்பளம் என்று நினைக்காதவரைக்கும்.

நீங்கள் அப்படித்தான் நினைத்தீர்கள். சண்டைக்கு வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் மொய் எழுதிய மேஜையில் மூன்று லட்சத்துச் சொச்சம் விழுந்தது. அதில் பாதிக்கு மேல் நீங்கள் வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் செய்திருந்தது திரும்பி வந்தது. அது நம் காசு, நியாயம். மிச்சம் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் புதுசாக வந்தது, அது கடன். இரண்டையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். வீட்டுக்குத் தளம் போட்டீர்கள், குளியலறைக்கு நீல டைல்ஸ் ஒட்டினீர்கள். எனக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கி வந்து நீங்களே திருகாணியைத் திருகிவிட்டு, கண்ணாடி முன்னால் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். நான் அன்றைக்கும் கணக்குக் கேட்டேன். "அட, அவங்க விருந்து வைக்கிறப்ப பாத்துக்கலாம் புள்ள" என்றீர்கள்.

அவர்கள் விருந்து வைத்தபோது பார்த்துக்கொள்ள நீங்கள் இல்லை. அடுத்த தை மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். அதை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். தினம் காலையில் நீங்கள் மினிபஸ் எடுக்கக் கிளம்பும்போது, "கணக்குப்பிள்ளை, பேட்டா?" என்று கையை நீட்டுவீர்களே. சம்பளம் மொத்தத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டு, காதர் பாய் கடை டீக்கும் வடைக்கும் பாக்குக்கும் என்று தினமும் ஐம்பது ரூபாய் என்னிடம் கேட்டு வாங்கிப் போவீர்கள். காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, ஒரு நாள் துவைக்கலாம் என்று ஆணியில் தொங்கிய உங்கள் காக்கிச் சட்டையை எடுத்தேன். பையில் ஐம்பது ஐம்பதாக நோட்டு. நான்தான் வைத்திருக்கிறேன்! காலையில் எழுந்ததும் கை தன்பாட்டுக்கு எடுத்து உங்கள் சட்டைப்பையில் செருகியிருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்துக் காசை எண்ணினேன். என்ன செய்ய, அதுதான் என் குணம்.

அன்றைக்குத் தோன்றிய யோசனைதான். உங்கள் டீக்காசை நிறுத்த வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். உங்கள் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் அதில் ஐம்பது. சனிக்கிழமை தோறும் போஸ்ட் ஆபீஸ். நான் ரெடிமேட் கடையில் வாங்குகிற பதினோராயிரத்தில் அது முடியுமா என்று கேட்பீர்கள். நீங்கள் இருந்தபோது உங்களுக்குக் கொடுத்தேனா இல்லையா? அப்புறம் எப்படி முடியாமல் போகும்? கையில் காசில்லாத நாளில் நந்தினி, "இன்னைக்கு அப்பாவுக்கு லீவு விடும்மா" என்பாள். "ஒங்கப்பா என்னைக்குடி டீக்கு லீவு விட்டாரு?" என்று கடுகு டப்பாவைத் தேடுவேன்.

முதல் ஆடி வந்தது. பத்திரிகை மேல் பத்திரிகை. உங்கள் தம்பி செல்வம் வந்து, "மதினி, நீங்க எதையும் கட்ட வேணாம். செத்தவன்கிட்ட யாரு மொய் கேக்கப் போறா?" என்றார். அக்கறையில்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் காப்பித்தண்ணி கூடக் கொடுக்கவில்லை.

யாரும் கேட்க மாட்டார்கள்தான். கேட்காமலே பேசுவார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பாமல் போய்ச் சேர்ந்த ஒருத்தரை இன்றைக்கும் 'மொய்முழுங்கி' என்றுதானே ஊர் சொல்கிறது? அவருடைய பேத்தியைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்தப் பேரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டினார்கள். நந்தினியை எவரும் அப்படிக் காட்டக் கூடாது. எனக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான்.

அந்த வருஷம் தோட்டைக் கழற்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தேன். வாரவட்டிக்காரர் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தி, "அஞ்சு நிமிசத்துல பணம் தாரேங்க்கா" என்று பல்லைக் காட்டினார். அஞ்சு நிமிஷத்தில் வருகிற கடன் அஞ்சு வருஷத்துக்கு வீட்டை விட்டுப் போகாது என்று அனுப்பிவிட்டேன். சம்பளம் வாங்கியதும் முதலில் தோட்டுக்கு வட்டி, அடுத்து போஸ்ட் ஆபீஸ், அதற்குப் பிறகுதான் அரிசி பருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரவிக்கை தைத்தேன். ஒவ்வொரு விருந்துக்கும் போனேன், வாங்கியது எவ்வளவோ அவ்வளவை உங்கள் பேரில் எழுதினேன், புது நடை போடவில்லை. சில பேருக்கு முகம் சுருங்கியது. மேலே போடாவிட்டால் உறவை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம் அல்லவா? சுருங்கட்டும் என்று விட்டேன். ஒரு பந்தியிலும் உட்காரவில்லை. உங்களுக்குப் பிடித்த கறிச்சோற்றை நீங்கள் இல்லாமல் தொட மனசு வரவில்லை.

பேர் சொல்கிற இடத்தில்தான் சங்கடம். மேஜையில் எழுதுகிறவர் "பேரு?" என்பார். நான் நந்தினியைப் பார்ப்பேன். அவள் சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேரைச் சொல்லாத வாய் அங்கே போய்த் திறக்குமா?

இந்த வருஷ ஆடியில் தோடு காதுக்கு வந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு மொய். உங்கள் மினிபஸ் முதலாளி வீரமுத்து மாமா செய்த ஐம்பதாயிரம். அவர் விருந்து ஆவணியில். என் கையில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது.

இந்த நேரம் பார்த்துச் செல்வம் சிரித்த முகமாக வந்தார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். துணி மேலே ஒரு பத்திரிகையைப் போட்டார். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து வைக்கிற விருந்து. நாலாவது பேராக 'திருமதி பூங்கோதை சின்னத்துரை' என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

"என்ன தம்பி இது?"

"ஒங்களுக்கும் சேத்துத்தான் மதினி. நாலு லட்சம் அசால்ட்டா விழும். வீரமுத்து மாமாவுக்குத் தூக்கி எறிஞ்சிரலாம், நந்தினி பீஸையும் ஒரேயடியாக் கட்டிரலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்?"

"அந்த நாலு லட்சத்த யாரு கட்டுறது? நந்தினியா?"

"மெதுவாக் கட்டலாம் மதினி. ஊரே அப்புடித்தான ஓடுது?"

உங்கள் தம்பி மேல் எனக்கு இப்போது கோபமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்தது. இரண்டு நாள் தையல் ஓடவில்லை. நாலு லட்சம் என்றால் சும்மாவா? பன்னிரண்டாயிரத்துக்கு நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு நாலு லட்சம். உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அன்றைக்கு மஞ்சப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தீர்களே, அந்த முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்றாம் நாள் காலை டிபன் பாக்ஸில் ஐம்பது ரூபாயைப் போட்டேன். மூடியை மூடியதும் மனசு தெளிந்துவிட்டது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா? போங்கப்பா.

"எம்பேர எடுத்துருங்க தம்பி" என்றேன்.

"கார்டு மொத்தமும் அடிச்சாச்சு மதினி! மறுபடி அடிக்கக் காசு யாரு தருவா?"

"கார்டை இங்கிட்டு கொண்டாங்க."

நானும் நந்தினியும் உட்கார்ந்து அத்தனை கார்டிலும் என் பேரைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்தோம். விரல் எல்லாம் மை. செல்வம் தலையில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவரும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார். "கணக்குப்பிள்ளைன்னு எங்கண்ணன் சும்மாவா சொன்னான்" என்று முனகினார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். மை பூசிப் பேரை அழித்த கார்டு ஊர் ஊராகப் போனது. சும்மா விடுவார்களா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து யார் பேர் என்று படித்திருக்கிறார்கள். சொத்துத் தகராறு என்றார்கள் ஒரு பக்கம், கொழுந்தனுக்கும் மதினிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார்கள் இன்னொரு பக்கம். விசாரிக்க வந்த ஆளுக்கெல்லாம் நந்தினி பதில் சொன்னாள். "தகராறு ஒண்ணும் இல்லங்க. எங்கம்மா கடன் வாங்க மாட்டேன்னுட்டாங்க. இன்னும் பன்னெண்டாயிரம் சேந்தா எங்கப்பா மொய்யி மொத்தமும் முடிஞ்சிரும்."

அடுத்த நாளிலிருந்து ரவிக்கைத் துணி வர ஆரம்பித்தது. ஆவணி முகூர்த்தம் வேறு. மேலத்தெரு மாரியாயி நாலு ரவிக்கையைக் கொண்டுவந்து போட்டு, "கூலியைக் கொறைக்காத, முழுசா வாங்கிக்க" என்றாள். என்றைக்காவது அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாளா? நம் ஊர் வல்லத்திராக்கோட்டையே புது ரவிக்கை போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டதோ என்று நினைத்தேன். பகல் முழுக்கக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், வீட்டுக்கு வந்தால் மெஷின். கால் வீங்கியது. ஆனால் மனசுக்குள் ஒரே பாட்டு.

அளவு கொடுக்க வந்த மாரியாயி டிபன் பாக்ஸ் கதையைக் கேட்டுவிட்டு, "ஒம்புருசன் இல்ல, நீ அவரு டீக்காச எடுத்து வைக்கிற. எம்மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, நான் எதை எடுத்து வைக்கிறது?" என்றாள்.

"அஞ்சு டீ குடிச்சா ரெண்டக் கொறைக்கச் சொல்லு. அந்தக் காசைச் சோத்துக்கு முன்னாடி எடுத்து வையி. மிஞ்சினா வைப்போம்னா ஒரு நாளும் மிஞ்சாது."

அவள் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். இப்போது நம் தெருவில் பாதி வீட்டு அலமாரியில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. உங்கள் சிநேகிதர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். காதர் பாய், "ஏம்மா, எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே" என்று சிரிக்கிறார். இதையெல்லாம் நீங்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து மாமா விருந்து. தோட்டைப் போட்டுக்கொண்டேன். நந்தினியும் நானும் போனோம். பந்தலில் கறிக்குழம்பு வாசம் ஆளைத் தூக்கியது. மேஜையில் ஐம்பதாயிரத்தை வைத்தேன். எழுதுகிறவர் நிமிராமலே "பேரு?" என்றார்.

நந்தினி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வல்லத்திராக்கோட்டை சின்னத்துரை" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நந்தினி என்னை வாய் பிளந்து பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் இன்னொரு தடவை சொல்லலாம் போலவும் இருந்தது. உங்கள் பேர் வாய்க்கு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

"புது நடை எவ்வளவுங்க?"

"இல்லங்க. அம்புட்டுத்தான்."

பின்னால் வீரமுத்து மாமா நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்குத் திக்கென்றது. நமக்குச் சோறு போட்ட முதலாளி, ஐம்பதாயிரம் செய்த மனுஷன். அவர் முகத்துக்கு நேராக மேலே ஒரு ரூபாய் கூடப் போடாமல் முடிக்கிறோமே என்று இருந்தது.

"என்ன ஆத்தா, எங்ககூட உறவ முடிச்சுக்கிறியா?" என்றார்.

"உறவ இல்லங்க மாமா. கடன மட்டுந்தான். ஒங்க வீட்டுல நல்லது கெட்டதுன்னா மொத ஆளா வந்து நிப்பேன். வெறுங்கையோட வருவேன், சேத்துக்குங்க."

அவர் என் கையைப் பிடித்து நேராகப் பந்திக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. வாளிக்காரனிடமிருந்து கரண்டியை அவரே வாங்கினார். துழாவித் துழாவி ஒரு நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைத்தார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்தார்.

"இது ஒனக்கு. இது அவன் பங்கு. எந்த விருந்துலயும் ரெண்டு நல்லி இல்லாம எந்திரிக்க மாட்டான், படுவா" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு.

எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். உங்கள் நல்லியையும் உறிஞ்சினேன். நந்தினி, "அம்மா, போதும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும். மூன்று வருஷப் பசி.

மறுநாள் திங்கள்கிழமை காலையில் பழக்கம் போல ஐம்பது ரூபாயை எடுத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலி. இனி எதற்குப் போடுவது என்று கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வழியில் காதர் பாய் கடை. இத்தனை வருஷத்தில் நான் அங்கே ஏறியதே இல்லை. உங்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"பாய், ரெண்டு டீ."

என்னோடு வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. ரெண்டு டீயை ஆற்றி ரெண்டையும் பெஞ்சில் வைத்தார்.

என் டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, இதற்காகவா தினம் அப்படி ஓடினீர்கள்? அங்கே இப்படி டீ கிடைக்கிறதா உங்களுக்கு? சீனி யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? பஸ் வருகிற வரைக்கும் உங்கள் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பஸ் ஹாரன் கேட்டதும் அதையும் எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். காசு கொடுத்ததாச்சே, விடுவேனா?

நாளையிலிருந்து மறுபடி ஐம்பது ரூபாய் டிபன் பாக்ஸில் விழும். இனி அது யாருக்கும் பாக்கி இல்லாத காசு. நந்தினி படித்து வெள்ளை உடுப்புப் போடுகிற அன்றைக்கு, உங்கள் டீக்காசில் அவளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்குவேன். திருகாணியை நானே திருகிவிடுவேன். மாசத்தில் ஒரு திங்கள்கிழமை மட்டும் பாக்ஸுக்கு லீவு. அன்றைக்கு உங்கள் பெஞ்சில் நமக்கு ரெண்டு டீ. உங்களுடையது ஆறினாலும் நான் வீணாக்க மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
பேரைச் சொல்லப் பழகிக்கொண்ட உங்கள் கணக்குப்பிள்ளை,
நந்தினியின் அம்மா பூங்கோதை